சீட்டு போன வழி

1951 பிப்ரவரி 9ஆம் தேதி தொடங்கி மூன்று வாரம், தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களில் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பெரும்பாலும் ஊர்க் கர்ணம், இல்லையென்றால் பள்ளிக்கூட வாத்தியார். கையில் கட்டாகத் தைத்த சிறு சீட்டுகள். ஆளுக்கு ஒரு சீட்டு. தூளியில் கிடக்கும் பிள்ளைக்கும் ஒன்று, திண்ணையில் படுத்திருக்கும் கிழவருக்கும் ஒன்று. விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் நடுவே, செம்மண் மேட்டில் முந்திரியும் மல்லாட்டையும் கம்பும் விளைந்துகொண்டிருந்த நெய்வேலிச் சுற்றுப்பட்டிலும் அந்தச் சீட்டுகள் எழுதப்பட்டன. அங்கிருந்த சில ஊர்களை அவை இருந்த இடத்திலேயே எண்ணியது அதுதான் கடைசித் தடவை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1957 மே 20ஆம் தேதி, நேரு வந்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

அந்தச் சீட்டு எப்படிப் பிறந்தது, எந்த வழியாகப் போனது, எங்கே முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெய்வேலி டவுன்ஷிப்பின் வட்டங்களிலும் சுற்றியுள்ள மாற்றுக் குடியிருப்புகளிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகள் பாட்டன் பிறந்த ஊரைக் கேட்கிறார்கள். கேட்டால், “அந்தக் குழி இருக்குதில்ல, அங்கதான் எங்கேயோ” என்று சுரங்கத்தின் பக்கம் கை நீட்டுவார்கள். அடுத்த கேள்வி, பழைய சென்சஸில் இருக்காதா என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் நூறு ஆண்டு கழிந்தால் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கை 2022 ஜனவரியில் திறந்தார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு. 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. பாட்டன் பெயர், வயது, பிறந்த இடம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எல்லாம் கையெழுத்தோடு அங்கே கிடைக்கும். நம் பாட்டன்களையும் எண்ணினார்கள். பெயரைக் கேட்டார்கள், பிறந்த இடத்தையும் கேட்டார்கள். கேட்டது எங்கே போயிற்று என்பதே இந்தச் சீட்டின் கதை.

சீட்டுக்கு முன்னோர் உண்டு. சென்னை மாகாணத்தின் முதல் பெருங்கணக்கு 1871 நவம்பரில் எடுக்கப்பட்டது. அப்போதெல்லாம் அகலமான தாள். குடும்பம் குடும்பமாக அதில் எழுதி, அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு போட்டு எண்ணுவார்கள். 1901இல் அந்தத் தாளிலிருந்து ஒவ்வோர் ஆளையும் தனிச்சீட்டில் பெயர்த்தெழுதும் முறை வந்தது. சீட்டுகளைக் குவித்துப் பிரித்து எண்ணுவது சுலபம், பிழையும் குறையும். அந்த ஆண்டு சென்னை மாகாணக் கணக்கெடுப்பை நடத்தியவர் டபிள்யூ. பிரான்சிஸ். 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெஸட்டியரை எழுதியவரும் அவர்தான். மாவட்டத்தின் தலைகளை எண்ணியவரே மாவட்டத்தின் வரலாற்றையும் எழுதினார். நெய்வேலிப் பக்கத்து நிலம் சுரங்கத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் நான் முதலில் கையில் எடுப்பது அந்த நூலைத்தான்.

1931இல் சென்னை மாகாணக் கணக்கெடுப்பைப் பார்த்துக்கொண்ட எம். டபிள்யூ. எம். யீட்ஸ், 1941இல் இந்தியா முழுமைக்கும் ஆணையரானார். அகலத் தாளையே எடுத்துவிட்டு, வீட்டு வாசலிலேயே நேராகச் சீட்டில் எழுதச் சொன்னார். சுதந்திர இந்தியாவின் முதல் கணக்கெடுப்பும் அதே முறையைத்தான் பின்பற்றியது.

சீட்டில் 14 கேள்விகள். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, நாட்டுரிமை, மதம், கல்யாணம் ஆனதா இல்லையா, வயது, பிறந்த இடம், தாய்மொழி, வேறு என்ன மொழி பேசத் தெரியும், என்ன பிழைப்பு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று வரிசையாகப் போகும். பிறந்த இடம் என்ற கேள்விக்கு நெய்வேலிக் கிழவர் என்ன பதில் சொல்லியிருப்பார்? “இதே ஊருதான்” என்றிருப்பார். அல்லது, தாய் பிரசவத்துக்குப் போன அம்மாச்சி ஊர்ப் பெயரைச் சொல்லியிருப்பார். கணக்குக்குத் தேவைப்பட்டது மாவட்டத்தின் பெயர் மட்டும். யார் எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்குக் குடிபோனார்கள் என்று பார்ப்பதற்காகக் கேட்ட கேள்வி அது. ஆகவே கிழவரின் ஊர், சீட்டு எழுதப்பட்ட அந்த நிமிடத்திலேயே தென்னார்க்காடு என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டது. பக்கத்து ஊரில் பிறந்தவருக்கும் அறுபது மைல் தள்ளிச் செஞ்சியில் பிறந்தவருக்கும் அதே சொல்தான்.

எண்ணும் நேரம் மார்ச் 1ஆம் தேதி சூரிய உதயம். பிப்ரவரியில் சீட்டு எழுதிய கணக்கெடுப்பாளர், மார்ச் 1 முதல் 3 வரை திரும்ப எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். நடுவில் இறந்தவர்களின் சீட்டை அடித்துவிட வேண்டும். விடியலுக்குள் பிறந்த குழந்தைக்குப் புதுச் சீட்டு எழுத வேண்டும். விடிந்தபின் பிறந்ததற்குக் கிடையாது. பிப்ரவரி நடுவில் ஒரு பாட்டி தன் பெயரையும் வயதையும் சொல்லிவிட்டு, மாசக் கடைசியில் கண்ணை மூடியிருந்தால், அவள் சீட்டின் குறுக்கே ஒரு கோடு. அரசாங்கத்தின் தாளில் அவள் பெயர் ஏறியது அந்த ஒரு தடவையாகவே இருந்திருக்கலாம்.

ஊர்ச் சீட்டுகள் கட்டாகி மேலே போவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. 1951இல் மட்டும், சீட்டிலிருந்த பெயர் விவரங்களை ஊர்வாரியாக ஒரு பதிவேட்டில் படியெடுத்தார்கள். தேசியக் குடிமக்கள் பதிவேடு என்று அதற்குப் பெயர். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் அஸ்ஸாம்தான் நினைவுக்கு வரும். அங்கே எஞ்சியிருந்த 1951ஆம் ஆண்டுப் பதிவேடுகளை, 2019இல் முடிந்த குடியுரிமைச் சரிபார்ப்பில் மூதாதையர் ஆதாரமாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் பதிவேடு அஸ்ஸாமுக்கு என்று தனியாக எழுதப்பட்டதல்ல, நாடு முழுக்க எழுதப்பட்டது. நம் பக்கம் அது குடும்ப வரலாறு தேடுகிறவர் போய்ப் புரட்டும் ஆவணமாக ஆகவே இல்லை. அந்த ஒரு பதிவேட்டை மட்டும் ஊர்தோறும் காப்பாற்றி வைத்திருந்தால், சுரங்கத்துக்குள் போன ஒவ்வோர் ஊருக்கும் இன்று ஒரு பெயர்ப்பட்டியல் இருந்திருக்கும். இதை எழுதும்போதே மனசு ஆறவில்லை.

படியெடுத்தபின் சீட்டுக்கட்டுகள் அட்டவணைத் தயாரிப்பு அலுவலகத்துக்குப் போயின. அங்கே அறை அறையாகத் தடுத்த பெட்டிகளின் முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கட்டைப் பிரித்து, ஒவ்வொரு சீட்டையும் பிழைப்பு வாரியாக அறைகளில் போட வேண்டும், எண்ண வேண்டும், குறிக்க வேண்டும். பிறகு மொத்தமாக அள்ளி, வயது வாரியாக மறுபடி போட வேண்டும். பிறகு பிறந்த மாவட்டம் வாரியாக. ஒரே சீட்டு இப்படிப் பல தடவை கைமாறும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மனிதரைப் பற்றிய ஒரு செய்தி எண்ணாக மாறி அட்டவணைக்குள் போகும். பெயருக்கு மட்டும் எந்த அறையும் கிடையாது. எண்ணி முடித்ததும் சீட்டு தேவையற்றதாகிவிட்டது. வேலை முடிந்ததும் இவற்றை அழித்துவிடுவதே இந்தியக் கணக்கெடுப்பின் வழக்கம். அழியாத தாள்கள் இருந்தாலும் பார்க்க வழியில்லை. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, கணக்கெடுப்பு அதிகாரி எழுதிய பதிவுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை. இத்தனை ஆண்டுகள் கழிந்தால் திறக்கலாம் என்ற விதியும் அதில் இல்லை. வரிக்கோ வழக்குக்கோ பயன்படாது என்று நம்பினால்தான் ஜனங்கள் உண்மை சொல்வார்கள் என்பது அந்தப் பிரிவின் காரணம். காரணம் சரிதான். ஆனால் நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பூட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சீட்டு விட்டுப்போனது ஒரே ஒரு வரி. 1951ஆம் ஆண்டுத் தென்னார்க்காடு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் ஒரு வரி உண்டு. பரப்பளவு, வீடுகள், ஆண்கள், பெண்கள், எழுத்தறிந்தவர்கள். அதற்கப்புறம் எட்டுப் பிழைப்பு வகுப்புகள்: சொந்த நிலத்தில் உழுகிறவர், பிறர் நிலத்தில் உழுகிறவர், கூலிக்கு உழுகிறவர், உழாமல் நில வருமானத்தில் வாழ்கிறவர், பிறகு பயிர் தவிர்த்த உற்பத்தி, வியாபாரம், போக்குவரத்து, மற்ற வேலைகள். இதில், கூலிக்கு உழுத நம் கிழவர் மூன்றாம் வகுப்பின் எண்ணுக்குள் ஒன்றாக இருக்கிறார். அந்த எண்ணுக்குள் அவர் இருப்பது நிச்சயம். எது அவர் என்று பிரித்துச் சொல்லத்தான் முடியாது.

வரியைத் தேடுகிறவருக்கு அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கையேட்டின் அலகு வருவாய் கிராமம். ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஊர், குப்பம், சேரி, காலனி என்று நாலைந்து குடியிருப்புகள் அடங்கியிருக்கும். பாட்டி வாயால் சொல்லும் பெயர் பெரும்பாலும் குப்பத்தின் பெயராக இருக்கும், அட்டவணையிலோ தாய்க் கிராமத்தின் பெயர் மட்டும்தான். சேரியில் பிறந்தவர் தேடினால் தன் ஊர்ப் பெயரே அச்சில் இருக்காது. ஊர்த்தெருவின் பெயருக்குள்தான் தன்னைத் தேடிக்கொள்ள வேண்டும். நிலப்பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், அதில் ஏற இவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடையாது.

இங்கே இன்னொரு தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எதிர்த்திசையில் போன தாள்.

1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் இறங்கியது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். மொரிஷியஸுக்குப் போனவர்கள் மொத்தத்தில் அதைவிட மிக அதிகம். பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903க்குப் பிறகு போனார்கள். புதுச்சேரியைச் சுற்றியிருக்கும் மாவட்டம் என்பதால், பிரெஞ்சுக் கப்பல்களில் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தென்னார்க்காட்டார் போனார்கள். போன இடங்கள் சிலவற்றில் திரௌபதியம்மன் தீமிதி இன்றும் நடக்கிறது. செஞ்சியை நடுவாகக் கொண்டு பரவிய அந்த வழிபாடு, எந்த மண்ணின் ஆட்கள் கப்பலேறினார்கள் என்பதற்குத் தாளைவிட நல்ல சாட்சி.

ஏறியவர் ஒவ்வொருவருக்கும், கூலிகளைத் தங்கவைத்த டிப்போவில் ஒரு தாள் எழுதினார்கள். பிஜிக்குப் போன குடிபெயர்வு பாஸ் ஒன்றைப் பார்த்தால் தெரியும்: பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், நெருங்கிய உறவினர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம். இடது கணுக்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை என்று ஒரு வரி. கீழே டாக்டரும் குடிபெயர்வோர் பாதுகாவலரும் கையெழுத்திட்டிருப்பார்கள். நேட்டாலில் இந்த விவரங்களைக் கப்பல் கப்பலாகப் பேரேட்டில் ஏற்றி, ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். மொரிஷியஸின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பிஜியின் பாஸ்கள் சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில். ஓடிப்போனால் பிடித்து வரவும், கூலிக்கணக்குப் பார்க்கவும் முதலாளிக்குத் தேவைப்பட்ட விவரங்கள் இவை. அன்பினால் எழுதியதில்லை. ஆனாலும் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் எழுதியது எழுதியதுதான்.

தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் நிலமில்லாத அண்ணன் தம்பி இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1876 பஞ்சத்துக்குப் பிறகு ஒருவர் கப்பலேறிப் போகிறார், ஒருவர் ஊரிலேயே கூலிக்கு உழுகிறார். கப்பலேறியவரின் கொள்ளுப்பேத்தி டர்பனில் உட்கார்ந்து அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், தழும்பு வரை படிக்கிறாள். ஊரில் இருந்தவரின் கொள்ளுப்பேரனால் நெய்வேலிப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. போனவருக்குத் தாள் இருக்கிறது, இருந்தவருக்கு இல்லை. ஏழை இந்தியனின் பெயரைக் காப்பாற்றிய தாளைத் தேடினால், அது அவனை ஊரைவிட்டு அழைத்துப்போன தாளாக இருக்கிறது. இந்த நிலை எனக்கு ஆறாத வருத்தம்.

பாஸோடு திரும்பி வருகிறவர்களுக்கும் வழி லேசு இல்லை. மொரிஷியஸில் ஏழாம் தலைமுறையினருக்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை உண்டு என்று 2024இல் இந்தியா அறிவித்தபிறகு தேடல் கூடியிருக்கும். டிப்போ எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். சத்தம் போட்டு வாசித்தால்தான் ஊர் பிடிபடும். தாலுகாவும் ஏமாற்றும். தென்னார்க்காடு, திருவண்ணாமலை தாலுகா என்று பாஸில் இருந்தால் தப்பு என்று நினைக்கக் கூடாது. 1911 வரை திருவண்ணாமலை தென்னார்க்காட்டில்தான் இருந்தது. தென்னார்க்காடே இன்று இல்லை. 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அந்தக் கணக்கெடுப்புக் கையேடு உதவும். ஆளைக் காட்டாவிட்டாலும் ஊரைக் காட்டும். 1951இல் எந்தத் தாலுகாவில் எந்த ஊர் இருந்தது, 1961 கையேட்டில் அது இருக்கிறதா என்று வரிக்கு வரி வைத்துப் பார்த்தால் ஊர் போன இடம் தெரியும். வரி காணாமல் போன இடத்தில் சுரங்கத்தின் எல்லையோ டவுன்ஷிப்பின் எல்லையோ இருக்கிறதா என்று அடுத்ததாகப் பார்க்க வேண்டும்.

அந்த எல்லை வந்த விதம் எல்லாருக்கும் தெரிந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஒன்று வந்தது. 1940களில் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பழுப்பு நிலக்கரியை உறுதிசெய்தது. 1956 நவம்பர் 14இல் சுரங்க நிறுவனம் பதிவாயிற்று. மேல்மண்ணை அகற்றி, 1961 ஆகஸ்டில் நிலக்கரியைக் கண்டார்கள். 1962இல் மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தில் தமிழ்நாடு எவ்வளவு வளர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அதற்காக ஊரைக் கொடுத்தவர்களின் பெயரை எங்கே எழுதிவைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஒரு தாள் உண்டு. 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 6ஆம் பிரிவு அறிவிப்புகள் போர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஸட்டில் அச்சாகும். கிராமத்தின் பெயர் போட்டு, கீழே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, யாருடையது, வடக்கே எந்த எண், கிழக்கே எந்த எண், எத்தனை ஏக்கர், எத்தனை சென்ட். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாகப் போகும். படிக்கச் சலிப்பான அந்த அட்டவணைதான் அந்த ஊர்களின் பெயர்ப்பட்டியல். கிணறு உள்ள கொல்லை யாருடையது, யார் கொல்லைக்கு அண்டை யார் என்பது வரை அதில் இருக்கிறது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கெஸட் தொகுதிகளைப் பார்க்கலாம். கிராமத்தின் அ-பதிவேடும் புலப்படமும் சேர்த்துப் பார்த்தால், குழியின் எந்த மூலையில் தாத்தாவின் கொல்லை இருந்தது என்று படத்தில் விரல் வைக்க முடியும். நெய்வேலியில் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, நூலகம் இருக்கிறது. அந்தக் கெஸட் பக்கங்களையும் 1951, 1961 கையேடுகளையும் படியெடுத்து ஊர்வாரியாகக் கட்டி அங்கே வைப்பது ஒரு பெரிய செலவே இல்லை.

நிலமில்லாதவர் வீட்டில் தேடுகிறவருக்கு மிஞ்சுவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவேடு, கிறிஸ்தவராக இருந்தால் கோயில் ஞானஸ்நானப் புத்தகம். 1980இல் கர்ணம் வேலையை எம்.ஜி.ஆர். அரசு எடுத்துவிட்டது. அதுவரை கர்ணங்களின் வீட்டுப் பெட்டியில் இருந்த கணக்குகளில் தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்தது பாதி, கரையானுக்குப் போனது பாதி என்று சொல்வார்கள். இவை எதுவும் கிடைக்காதவர் கேட்க வேண்டியது குலதெய்வத்தை. ஊர் காலிசெய்தபோது ஐயனாரையும் அம்மனையும் மாற்றுக் குடியிருப்புக்குத் தூக்கிவந்தவர்கள் இருக்கிறார்கள். வரிக்காரர் யார் யார், எந்த வீட்டு முறை, பொங்கல் யார் வைப்பது என்ற கணக்கு வாய்வழியாக இருக்கிறது. அந்தக் கணக்கில் குப்பத்தின் பெயரும் இருக்கும், சேரியின் பெயரும் இருக்கும்.

சுரங்கம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில் நெல் நின்ற வயலுக்குள் கால்வாய் வேலைக்காக இயந்திரங்கள் இறங்கியதை நாடு பார்த்தது. கரிவெட்டியிலும் கத்தாழையிலும் நிலம் எடுப்புப் பற்றிய பேச்சு ஓயவில்லை. அடுத்த கணக்கெடுப்பின் எண்ணும் நாள் 2027 மார்ச் 1. அதிலும் 15ஆம் பிரிவு அப்படியே இருக்கும், கையேட்டில் ஊருக்கு ஒரு வரிதான் மிஞ்சும். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் ஒரு நோட்டை எடுத்து, தெருத் தெருவாக, வீட்டுக்கு ஒரு பக்கம் என்று தாங்களே எழுதத் தொடங்க வேண்டும். குடும்பத் தலைவர், அவர் தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன், பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், கொல்லையின் பெயர், குலதெய்வம். காலனித் தெருவிலிருந்து தொடங்கட்டும். 1957இல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்து பழைய ஊரைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. மந்தாரக்குப்பத்திலும் வடக்குத்திலும் கங்கைகொண்டானிலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் நோட்டோடு போக வேண்டும், இந்த ஆண்டிலேயே.